வீடு வந்து சேரும் விலை

ஹட்டன் டவுனில் பருப்பு கிலோவுக்கு முப்பது ரூபாய் குறைவு என்று கேள்விப்பட்டால் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறத்தான் தோன்றும். விலைவாசி இருக்கிற இருப்பில் அதைத் தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் கடைப் பலகையில் எழுதியிருப்பது கடையின் விலை. மஸ்கெலியாவுக்கு மேலேயோ அக்கரப்பத்தனைப் பக்கத்திலோ தேயிலைத் தோட்டத்து லயம் (வரிசை வீடு) ஒன்றில் இருப்பவர் பார்க்கவேண்டியது, அந்தச் சாமான் வீடு வந்து சேர்ந்தபின் கிலோ என்ன விலைக்கு விழுந்தது என்பதை. பஸ் காசு, த்ரீவீல் காசு, அதற்காக விட்ட வேலைநாள், ஈரம் பட்டுக் கொட்டியது எல்லாமே அந்த விலைக்குள் அடக்கம். மலிவுக் கடைகளைப் பற்றிய ஆலோசனைகள் பெரும்பாலும் கொழும்பை வைத்துச் சொல்லப்படுபவை. அங்கே கடை தெருமுனையில் இருக்கிறது. இங்கே கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு மலை இருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. விலைகள் மாதத்துக்கு மாதம் மாறும். கீழே உள்ள தொகைகள் கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்கு மட்டுமே, உங்கள் ஊர் விலையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஐந்து பேர் உள்ள வீடு. டவுனுக்குப் போக பஸ்ஸுக்கு 100 ரூபாய், சாமானோடு திரும்பிவர த்ரீவீலுக்கு 900, மொத்தம் 1000. தோட்டத்துக் கடையைவிட டவுனில் அரிசி கிலோவுக்கு 12 ரூபாய் குறைவு என்றால் 25 கிலோவில் மிச்சம் 300. சீனி 4 கிலோவில் 15 ரூபாய்ப்படி 60. பருப்பு 3 கிலோவில் 30 ரூபாய்ப்படி 90. கோதுமை மா 5 கிலோவில் 75. தேங்காய் எண்ணெய் இரண்டு போத்தலில் 80. எல்லாம் சேர்ந்து 605 ரூபாய். செலவோ 1000. மலிவாக வாங்கியும் 395 ரூபாய் நட்டம்.

இதே பயணத்தை மூன்று வீடுகள் சேர்ந்து செய்தால் த்ரீவீல் பங்கு 300 ஆகிவிடும். பஸ் காசோடு 400. அப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் 205 ரூபாய் மிச்சம். ஆனால் அரிசியை மட்டும் தோட்டத்துக் கடையிலேயே வாங்கிக்கொண்டு மற்றதை டவுனில் வாங்கினால், மூன்று வீடு சேர்ந்தும் நட்டம்தான். பயணத்தைத் தாங்குவது அரிசி மூட்டை. அது வாங்காத மாதத்தில், வேறு வேலையாக டவுனுக்குப் போகும் நாளில் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வரக்கூடியதை மட்டும் வாங்குவது நல்லது.

வேலைநாளை விட்டுவிட்டுப் போவதைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய் ஆனது. 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அதை 1550 ஆக்குவதாகவும், வேலைக்கு வரும் நாளுக்கு 200 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ப்பதாகவும் அறிவித்தார்கள். ஒரு நாளைக் கைவிட்டு டவுனுக்குப் போனால் இந்தத் தொகை முழுவதும் போகும். அரசு நடத்தும் சில்லறைக் கடையான சதொசைகூட அந்த அளவுக்குத் தள்ளுபடி தராது. ஞாயிற்றுக்கிழமை, போயா தினம், அல்லது வேலை முடிந்த பின்னேரம், இவைதான் சாமான் வாங்கும் நேரம்.

எந்தக் கடையில் எதை வாங்குவது

எல்லாச் சாமானையும் ஒரே கடையில் வாங்கவேண்டியதில்லை. அதற்காக நாலு கடை ஏறி இறங்கவும் வேண்டாம். இரண்டு கடை போதும்.

லங்கா சதொசையில் அரிசி, பருப்பு, சீனி, மா, நெத்தலி, டின் மீன், பெரிய வெங்காயம் ஆகியவற்றின் விலையைப் பார்க்கவேண்டும். விலை குறைக்கும்போது பெரும்பாலும் இவற்றில்தான் குறைப்பார்கள். சவர்க்காரம், பிஸ்கட், தேயிலை, மசாலாத்தூள் போன்றவை அங்கே மலிவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போகவேண்டாம், பல நேரம் மற்றக் கடை விலைதான். விலை குறைத்த சாமான் சீக்கிரம் தீர்ந்துவிடும், ஆளுக்கு இத்தனை கிலோ என்ற கட்டுப்பாடும் வரும். எனவே போகும் முன் தொலைபேசியில் கேட்டோ டவுனில் இருக்கும் யாரிடமாவது விசாரித்தோ, அன்று இருப்பு உண்டா என்று தெரிந்துகொள்வது பஸ் காசைக் காப்பாற்றும்.

டவுன் பிரதான வீதியின் மொத்த விற்பனைக் கடைகள் வேறு ரகம். அங்கே 5 கிலோவுக்கு ஒரு விலை, 10 கிலோவுக்கு ஒரு விலை, மூட்டைக்கு ஒரு விலை. “முதலாளி, மூட்டையா எடுத்தா கிலோ என்ன விழும்?” என்று கேட்டால்தான் அடுத்த விலை வெளியே வரும். கேட்காதவருக்குச் சில்லறை விலைதான். செத்தல் மிளகாய், கொத்தமல்லி, சீரகம், கடலை, பயறு, கருவாடு ஆகியவற்றுக்கு என் அனுபவத்தில் இந்தக் கடைகளே முதலிடம்.

சுப்பர் மார்க்கெட்டில் அரிசியும் பருப்பும் வாங்கி மிச்சம்பிடிப்பது கடினம். அவர்களுடைய சொந்தப் பெயரில் விற்கும் பொருட்கள், வார இறுதித் தள்ளுபடி, வங்கி அட்டைக்கான கழிவு ஆகியவற்றைப் பயன்படுத்தத் தெரிந்தால் சவர்க்காரத்தூள், பற்பசை, பால்மா போன்றவற்றில் இலாபம் உண்டு. அட்டை இல்லாதவருக்கு அந்தக் கழிவு கிடையாது என்பதை, விளம்பரத்தை நம்பி ஏறிப்போகும் முன் நினைவில் வையுங்கள். “மூன்று வாங்கினால்” என்று தொடங்கும் சலுகைகளில் ஒரு சோதனை போதும்: ஒன்றை மட்டும் வாங்கினால் கிராமுக்கு என்ன விலை, மூன்று வாங்கினால் என்ன விலை? தொலைபேசியில் விலையை கிராமால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் கிலோ விலை வரும். இந்த ஒரு பழக்கம் பல ஏமாற்றங்களைத் தடுக்கும். பக்கெட்டின் அளவும் நிறமும் அப்படியே இருக்க, உள்ளே கிராம் குறைந்துபோவது இப்போது சாதாரணம். சவர்க்காரம் 100 கிராமிலிருந்து 90க்கும் அதற்குக் கீழேயும் இறங்கினால் விலை ஏறியதாகத்தான் அர்த்தம்.

சின்னப் பக்கெட் எப்போதும் நட்டம் என்றும் நினைக்கவேண்டாம். ஷாம்பூவில் சில வேளை சின்னப் பக்கெட்டே மில்லிலீட்டருக்கு மலிவாக விழும். பால்மாவில் பெரும்பாலும் நேர்மாறு.

அரிசி

குடும்பச் செலவில் அரிசியே பெரியது என்பதால் அதற்குக் கொஞ்சம் அதிக நேரம் கொடுப்போம். அரிசியின் விலை நெல் அறுவடையோடு ஏறி இறங்கும். பெரும்போக அறுவடை பெப்ரவரி, மார்ச் மாதங்களில் வருகிறது. சிறுபோகம் ஓகஸ்ட், செப்டெம்பரில். இரண்டு அறுவடைக்கும் பிறகு விலை தளரும். நவம்பர் முதல் ஜனவரி வரை பழைய நெல் தீர்ந்துகொண்டு வரும், புதியது வயலில் நிற்கும், அதனால் அந்த மாதங்களில்தான் தட்டுப்பாடு தலைகாட்டும். 2024 டிசெம்பரில் அப்படி ஒரு நெருக்கடி வந்தபோது அரசு உச்ச சில்லறை விலையை வர்த்தமானியில் அறிவித்தது: பச்சை அரிசி 220, நாட்டரிசி 230, சம்பா 240, கீரிச் சம்பா 260 ரூபாய். வாங்கும் நாளில் நடப்பிலுள்ள உச்ச விலை என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாட்டு விலைக்கு மேல் விற்ற தனி வியாபாரிக்கு 2021ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி குறைந்தபட்சத் தண்டமே ஒரு இலட்சம் ரூபாய்.

மார்ச்சில் இரண்டு மாதத்துக்கு வாங்கி வைக்கலாமே என்று தோன்றும். வைக்க இடம் உலர்ந்ததாக இருந்தால் சரி. மலையகத்தில் இதுதான் சிக்கல். தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், மஸ்கெலியா பக்கத்தை நனைக்கும். வடகீழ்ப் பருவமழை டிசெம்பரை ஒட்டிப் பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கத்தைப் பிடிக்கும். ஆகவே ஹட்டன் பக்கத்து வீடு மார்ச்சில் வாங்கிய மூட்டையை மே மாத மழைக்கு முன் தின்று தீர்க்கும்படி அளவு பார்க்கவேண்டும். பதுளைப் பக்கத்தில் செப்டெம்பரில் வாங்கியது நவம்பருக்குள் குறைந்துவிடவேண்டும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் எல்லாருக்கும் ஒரே ஆலோசனை சொல்வது மலையகத்தைத் தெரியாதவர் செய்யும் வேலை.

குளிரில் வண்டு மெதுவாகத்தான் பெருகும், அது நமக்கு அனுகூலம். பூசணம்தான் எதிரி. மூட்டையைச் சிமெந்துத் தரையில் நேரே வைத்தால் அடியிலிருந்து ஈரம் ஏறும். பலகை போட்டு, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைக்கவேண்டும். தகரக் கூரையில் விடியற்காலையில் நீர் கோத்துச் சொட்டும் இடத்துக்கு நேர் கீழே வைக்கவே கூடாது. மூடி இறுக்கமான பிளாஸ்டிக் வாளியோ தகர டின்னோ நல்லது. ஆனால் வெயில் காயாத நாளில் ஈரமான அரிசியை அதற்குள் போட்டு மூடினால் ஈரத்தைச் சேர்த்து அடைத்ததாகிவிடும். கை விட்டுப் பார்த்தால் அரிசி கையில் ஒட்டாமல் சரசரவென்று விழவேண்டும். டின்னை விளிம்புவரை நிரப்புங்கள், மேலே காற்றுக்கு இடம் குறைந்தால் வண்டுக்கும் வாய்ப்புக் குறையும். மூக்கில் மக்கல் வாசம் அடிக்கும் அரிசியைக் கழுவி, காயவைத்து உண்ணலாம் என்று முயலவேண்டாம். பூசண நஞ்சு கழுவினாலும் வேகவைத்தாலும் முழுக்கப் போகாது.

அவித்து உலர்த்திய நாட்டரிசி பச்சையரிசியைவிட அதிக நாள் தாங்கும். மூட்டையாக வாங்குபவருக்கு அதுவே உகந்தது. பச்சையரிசி வேண்டுமானால் 5 கிலோவாக வாங்குங்கள். சுண்டு என்ற சிறு அளவையால் அளந்து சமைக்கும் வீடுகளுக்கு, ஒரு கிலோ ஏறத்தாழ ஐந்து சுண்டு என்று வைத்துக்கொண்டால் மூட்டை எத்தனை நாள் வரும் என்று முன்கூட்டியே தெரியும்.

நவம்பர், டிசெம்பர் மாதங்களில் மட்டும் இரண்டு வாரத்துக்கான அரிசி, பருப்பு, உப்பு வீட்டில் இருப்பது சிக்கனத்தைவிடப் பெரிய காரியம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து மண்சரிவுகளில் பாதைகள் அறுந்தபோது, மலையகத்தில் பல ஊர்களுக்கு லொறி ஏற முடியவில்லை. அந்த நேரத்தில் எந்தக் கடையின் விலையும் பொருட்டல்ல, சாமான் இருக்கிறதா என்பதே கேள்வி.

மா, பருப்பு, அடுப்பு

கோதுமை மாவை 25 கிலோ மூட்டையாக வாங்கும்படி மொத்தக் கடையில் சொல்வார்கள். நுவரெலியா, லிந்துலை, இராகலை போன்ற இடங்களில் நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். மா காற்றிலுள்ள ஈரத்தை அரிசியைவிட வேகமாக இழுக்கும், மூன்றாவது வாரத்தில் கட்டி பிடித்துப் புளித்த வாசம் வரும். ஐந்து கிலோ, கூடினால் பத்து. பாண் வாங்குவதா, ரொட்டி சுடுவதா என்பதற்கு ஒரு கணக்கு: நிறையான ஒரு பாண் 450 கிராம் இருக்கவேண்டும், அதற்கு ஏறத்தாழ 300 கிராம் மா போகும். அதாவது ஒரு கிலோ மாவின் விலையை மூன்று பாணின் விலையோடு ஒப்பிடவேண்டும். ரொட்டியில் தேங்காய் சேர்ப்பீர்களானால் அதையும் கூட்டுங்கள். தேங்காய் விலை ஏறிய மாதத்தில் இந்தக் கணக்குத் தலைகீழாகும். பாணின் நிறையைச் சந்தேகப்பட்டால் கடைத் தராசிலேயே வைத்துப் பார்க்கக் கேட்கலாம். அரைப் பாண் 225 கிராம்.

பருப்பு, கடலை, பயறு வகைகளில் மலிவு இன்னொரு இடத்தில் கையைக் கடிக்கும். உயரம் ஏற ஏற நீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே நீர் சுமார் 94 பாகையில் கொதிக்கிறது. பழைய கடலை கொழும்பில் ஒரு மணி நேரத்தில் வெந்தால் இங்கே அதைவிட வெகுநேரம் பிடிக்கும். கிலோவுக்கு இருபது ரூபாய் மிச்சம்பிடித்து வாங்கிய பழைய கடலை அதைவிட அதிக விலைக்குச் சமையல் காஸைத் தின்றுவிடும். கடலையை இரவு முழுக்க, எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவைத்து, பிரஷர் குக்கரில் போடுங்கள். கடையில் வாங்கும்போது பத்துக் கடலையைக் கையில் எடுத்துப் பாருங்கள்: தோல் சுருங்கிக் கறுத்திருந்தால், கையில் மாத்தூள் ஒட்டினால், அது பழசு.

எண்ணெய், பால், டின் மீன்

தேங்காய் எண்ணெய் சில கடைகளில் கிலோவுக்கு, சில கடைகளில் லீட்டருக்கு, இன்னும் சிலவற்றில் போத்தலுக்கு விற்கிறார்கள். மூன்றையும் அப்படியே ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். ஒரு லீட்டர் தேங்காய் எண்ணெயின் நிறை சுமார் 920 கிராம். ஒரு போத்தல் என்பது 750 மில்லிலீட்டர், அதன் நிறை 690 கிராம் அளவு. லீட்டர் விலையை 0.92ஆல் வகுத்தால் கிலோ விலை வரும். லீட்டர் 920 ரூபாய், கிலோ 1000 ரூபாய் என்று இரண்டு கடைகள் எழுதியிருந்தால் இரண்டும் ஒரே விலைதான். மலையில் இன்னொரு சங்கடம், 24 பாகைக்குக் கீழே போனதும் தேங்காய் எண்ணெய் உறையத் தொடங்கும். பாதி உறைந்த எண்ணெயைப் பீப்பாயிலிருந்து எடுத்து ஊற்றும்போது போத்தலுக்குள் காற்றிடைவெளி விழும், அளவு குறையும். குளிர்காலத்தில் உதிரி எண்ணெயை நிறைக்கு வாங்குங்கள், போத்தல் கணக்கில் வேண்டாம். மூடி முத்திரையிட்ட போத்தல் என்றால் அந்தக் கவலை இல்லை. மிக மலிவான உதிரி எண்ணெயில் வேறு எண்ணெய் கலக்கப்பட்டிருக்கலாம். குளிர்ந்த இடத்தில் மற்றவர் எண்ணெயெல்லாம் கட்டியாகிய பிறகும் உங்களுடையது மட்டும் நீராக நின்றால் அந்தக் கடையில் மறுபடி வாங்காதீர்கள்.

பால்மாவில் விலை பக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும், கடைக்குக் கடை வித்தியாசம் சிறிது. அங்கே மிச்சம்பிடிக்கும் வழி வேறு. ஒரு லீட்டர் பாலுக்குச் சுமார் 130 கிராம் பால்மா வேண்டும், 400 கிராம் பக்கெட்டில் மூன்று லீட்டர் கிடைக்கும். பக்கெட் விலையை மூன்றால் வகுத்து, உங்கள் தோட்டத்தில் மாடு வளர்ப்பவர் கறந்து தரும் பாலின் லீட்டர் விலையோடு வைத்துப் பாருங்கள். பல இடங்களில் கறந்த பால் மலிவாக இருக்கும், அந்தக் காசும் பக்கத்து வீட்டுக்கே போகும். காய்ச்சாமல் குடிக்கக்கூடாது. தேநீருக்கு மட்டும் பால் சேர்க்கும் வீட்டில் கால் லீட்டர் போதும், மீந்தது புளித்துவிடும் என்பதால் அன்றன்றைக்கு வாங்குங்கள்.

டின் மீனில் மொத்த நிறை 425 கிராம் என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். அருகே சிறிய எழுத்தில் நீர் வடித்த நிறை இருக்கும், அந்த எண்ணைத்தான் விலையோடு ஒப்பிடவேண்டும். எஸ்.எல்.எஸ். என்ற இலங்கைத் தரச்சான்று முத்திரை இல்லாததையும் டின் உப்பியிருப்பதையும் எந்த விலைக்கும் எடுக்கவேண்டாம். கருவாடு, நெத்தலி வாங்கும்போது ஒன்றை ஒடித்துப் பாருங்கள். வளைந்தால் ஈரம் இருக்கிறது, ஈரத்துக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். மழைக்காலத்தில் திறந்த சாக்கில் இருந்த நெத்தலி அநேகமாக இப்படித்தான் இருக்கும்.

தூள் இடித்துக்கொள்வது

பக்கெட் மிளகாய்த்தூளைவிடச் செத்தல் மிளகாயும் மல்லியும் வாங்கி மில்லில் கொடுத்து அரைப்பது, அளவு கூடும்போது, கணிசமாக மலிவு. ஒரு வீட்டுக்கு இரண்டு மாதம் வரும் கறித்தூளுக்கு ஒரு அளவு: காம்பு கிள்ளிய செத்தல் மிளகாய் 1 கிலோ, கொத்தமல்லி 750 கிராம், சீரகம் 100, பெருஞ்சீரகம் 100, மிளகு 100, வெந்தயம் 50, மஞ்சள் 25 கிராம். உறைப்புக் குறைய வேண்டுமென்றால் மல்லியைக் கூட்டிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் நல்ல வெயிலில் இரண்டு நாள் காயப்போடவேண்டும். மழைக்காலத்தில் வெயில் கிடைக்காது, அப்போது அடி கனத்த சட்டியில் இளஞ்சூட்டில் ஒவ்வொன்றாகப் புரட்டி எடுங்கள். வெந்தயத்தைக் கடைசியில் போடுங்கள், சிவந்தால் போதும், கறுத்தால் தூள் முழுவதும் கசக்கும்.

பலர் தவறவிடுவது மில்லிலிருந்து வந்த பிறகுதான். அரைத்த தூள் சூடாக இருக்கும். அப்படியே டின்னில் போட்டு மூடினால் உள்ளே வேர்த்து, ஒரு வாரத்தில் கட்டி பிடித்துப் பூசணம் வைக்கும். கடதாசியில் பரப்பி, கை வைத்தால் சூடு தெரியாத அளவுக்கு ஆறவிட்டு, சின்னச் சின்னப் போத்தல்களில் அடைத்து ஒன்றொன்றாகத் திறந்து பாவியுங்கள். மில்லில் உங்களுக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேட்டுக்கொள்வதும் நல்லது. மா அரைத்த இயந்திரத்தில் மிளகாய் போட்டால் தூள் வெளுத்துவரும். மிளகாய் வாங்கும்போது விதைப் பக்கம் சாம்பல் நிறமாகவோ கருப்பாகவோ இருந்தால் விலை எவ்வளவு இறங்கினாலும் எடுக்காதீர்கள்.

மரக்கறி

கரட், லீக்ஸ், கோவா, பீட்ரூட், போஞ்சி, நோகோல் எல்லாம் நம் மண்ணிலேயே விளைகின்றன. வாங்கவேண்டிய இடம் சுப்பர் மார்க்கெட் இல்லை. நுவரெலியா, கெப்பெட்டிப்பொல பொருளாதார நிலையங்களுக்கு அருகில் இருப்பவர்கள், நாலைந்து வீடு சேர்ந்தால், மூட்டையாக வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு வாரச் சந்தை. பண்டாரவளை ஞாயிற்றுச் சந்தை போன்றவற்றில் காலையில் தரம் நன்றாக இருக்கும், பின்னேரம் விலை இறங்கும். அன்றிரவும் மறுநாளும் சமைக்க வேண்டியதைப் பின்னேரம் வாங்குங்கள், வாரம் முழுதும் வைக்கவேண்டியதைக் காலையில். கழுவிய கரட் பார்க்கப் பளபளப்பாக இருக்கும், ஆனால் சீக்கிரம் வழுவழுத்துவிடும். மண்ணோடு இருக்கும் கரட் விலையும் குறைவு, நாளும் தாங்கும். முறிந்தது, கிளைத்தது என்று ஒதுக்கிய கரட் பாதி விலைக்குக் கிடைத்தால் தயங்காமல் எடுங்கள், சுவையில் குறையில்லை.

கத்தரி, வெண்டி, பாகல், புடோல் போன்ற தாழ்நிலக் காய்கள் தம்புள்ளை வழியாக ஏறி வருகின்றன, லொறிக் கூலி அவற்றின் விலையில் இருக்கிறது. அவற்றில் பூசணி ஒன்றை மட்டும் மலிந்த காலத்தில் முழுக்காயாக வாங்கி வைக்கலாம். காம்போடு இருக்கவேண்டும், தோல் நகம் இறங்காத அளவுக்கு முற்றியிருக்கவேண்டும்.

உருளைக்கிழங்கில் கவனம் தேவை. இறக்குமதிக் கிழங்கில் செம்மண்ணைப் பூசி நம் மலைக் கிழங்கென்று விற்பது அடிக்கடி பிடிபட்ட மோசடி. நம் புதுக் கிழங்கின் தோல் மெல்லியது, பெருவிரலால் தேய்த்தால் உரியும். இறக்குமதிக் கிழங்கு தடித்த தோலோடு மழுமழுவென்றிருக்கும், மண் மேலோட்டமாக ஒட்டியிருக்கும். இறக்குமதிக் கிழங்கு வாங்குவதில் தப்பில்லை, அதற்குரிய விலைக்கு வாங்கவேண்டும்.

கடன் கொப்பி

சம்பளம் பத்தாம் திகதி அளவில் வரும், சாமான் மாதம் முழுக்கத் தேவை. இந்த இடைவெளியில்தான் தோட்டத்துக் கடையின் கொப்பி வாழ்கிறது. ரொக்கத்துக்கு 300 ரூபாயான பருப்பு கொப்பியில் 330 என்று ஏறினால், அது ஒரு மாதத்துக்குப் பத்து வீதம். வருடக் கணக்கில் 120 வீதம். அடகுக் கடையில்கூட அவ்வளவு வட்டி இல்லை. அதே நேரம் அந்தக் கடைக்காரரை வில்லனாகப் பார்ப்பதும் நியாயமில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. அப்படிப்பட்ட காலத்தில் பெயரை எழுதிக்கொண்டு சாமான் கொடுக்க எந்தச் சுப்பர் மார்க்கெட்டும் முன்வராது. அந்தக் கதவை ஒரேயடியாக மூடிவிடாமல் கொப்பியை மெல்லச் சுருக்குவதுதான் வழி.

ஒரு மாதத்தில் எல்லாவற்றையும் ரொக்கத்துக்கு மாற்ற முயன்றால், இருபதாம் திகதிக்குள் கை வெறுமையாகி, மறுபடி கொப்பிக்கே போகவேண்டிவரும். முதல் மாதம் ஒரே ஒரு சாமான்: மசாலா, தேயிலைத்தூள், சவர்க்காரம் என்று கெடாத, சிறிய தொகையில் முடிகிற ஒன்று. சம்பளத்தன்றே மாதம் முழுமைக்கும் ரொக்கமாக வாங்குங்கள். அடுத்த மாதம் சீனியும் பருப்பும். கடைசியாக அரிசி. தீபாவளி முற்பணம் கிடைக்கும் மாதம் இந்த மாற்றத்துக்கு நல்ல வாய்ப்பு, அதில் ஒரு மூட்டை அரிசியை ஒதுக்கிவிட்டால் அடுத்த மாதக் கொப்பியில் பெரிய வரி ஒன்று இல்லாமல் போகும். ஆனால் முற்பணம் அடுத்த மாதங்களின் சம்பளத்தில் பிடிபடும் என்பதால் அந்தப் பிடிப்பைக் கழித்துத்தான் திட்டம் போடவேண்டும். கொப்பியின் நகல் ஒன்று உங்களிடமும் இருக்கட்டும், திகதி, சாமான், அளவு, விலை நான்கையும் அன்றன்றே எழுதுங்கள்.

சேர்ந்து வாங்குவது, நிறுத்துப் பார்ப்பது

ஐந்து வீடு சேர்ந்து 50 கிலோ சீனி மூட்டை எடுப்பது சீட்டுப் பிடிப்பதைப்போல நம் பெண்களுக்குப் பழக்கமான ஒழுங்கு. பணத்தை முன்கூட்டியே வசூலித்துவிடுங்கள், ஒருவர் கைக்காசைப் போட்டு வாங்கிவிட்டுப் பிறகு கேட்டு அலைந்தால் அடுத்த மாதம் குழு இருக்காது. பிரிக்கும்போது சிந்துவது, சாக்கில் ஒட்டுவது என்று இருநூறு, முந்நூறு கிராம் குறையும். அது யார் பங்கில் போகும் என்று மூட்டையைப் பிரிக்கும் முன் பேசிக்கொள்ளுங்கள். மூட்டை வாங்கிய கணமே முழு நிறையையும் பார்த்துவிடுங்கள்.

தராசை நம்பலாமா என்று பார்க்க எளிய வழி உண்டு. முத்திரை உடைக்காத ஒரு லீட்டர் தண்ணீர்ப் போத்தலை வைத்தால் போத்தலோடு சேர்த்து 1 கிலோவும் 25 முதல் 40 கிராமும் காட்டவேண்டும். அதற்கு வெகுதூரம் கூடிக் காட்டினால் தராசில் கோளாறு. கடைத் தராசுகளை அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம் சோதித்து முத்திரையிடவேண்டும், அந்த அடையாளம் தராசிலேயே இருக்கும். “அண்ணே, தராசை ஒருக்கா சைபருக்குக் கொண்டாங்க” என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கனத்த கடதாசிப் பையில் சாமானைப் போட்டு நிறுக்கும்போது பையின் நிறையைக் கழிக்கச் சொல்லுங்கள். சொந்தப் பை கொண்டுபோவதும் இப்போது காசுக் கணக்குத்தான், 2025 நவம்பர் 1 முதல் கைப்பிடியுள்ள பொலித்தீன் பைகளைக் கடைகள் இலவசமாகக் கொடுக்க முடியாது.

பக்கெட்டில் அச்சிட்ட உச்ச சில்லறை விலைக்கு மேல் வாங்க எந்தக் கடைக்கும் உரிமை இல்லை. “மேலே ஏத்திக் கொண்டுவந்த கூலி” என்பது சட்டத்தில் செல்லாது. விலைப்பட்டியல் கண்ணில் படும்படி தொங்கவேண்டும், கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்கவேண்டும். அழிக்கப்பட்ட விலை, மேலே ஒட்டிய புதுத் துண்டு, காலாவதித் திகதியைச் சுரண்டிய பக்கெட் ஆகியவற்றைக் கண்டால் வாங்காமல் விடுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களென்றால் பக்கெட்டையும் பில்லையும் எறியாமல் இரண்டையும் சேர்த்துப் படமெடுத்து, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். கடையின் பெயர், இடம், திகதி, கொடுத்த விலை, அச்சிட்ட விலை என்ற ஐந்தையும் அழைக்கும் முன் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் முறைப்பாட்டைச் சுருக்கமாகப் பதிய முடியும்.